வெறும் வயிறு வேறு, விரதம் வேறு

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் தோழர் ஒருவர் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போகும் விஷயம் அரசியலுமல்ல, புராண ஆராய்ச்சியுமல்ல. ஆஸ்பத்திரியில் ரண சிகிச்சைக்கோ, குழாய் விட்டு வயிற்றையும் குடலையும் பார்ப்பதற்கோ, ரத்தப் பரிசோதனைக்கோ போகின்றபோது, "வெறும் வயிற்றோடு வா" என்று சொல்லுகிறார்களல்லவா? அந்த வெறும் வயிற்றைச் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் ஆபத்தில்லாமல் எப்படிக் கடப்பது என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

"இதற்கு ஒரு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாமே, சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் டாக்டர் அல்ல. இன்னாருக்கு இவ்வளவு மருந்து என்று சொல்லுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. அப்படிச் சொல்லவும் போவதில்லை. ஆனால், காரணம் கேட்காமல் ஒரு காரியத்தைச் செய்வது என்பது எங்கே நடந்தாலும், அது கோயிலானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, அங்கே நமக்கு வேலை இருக்கிறது. அந்த அளவில்தான் உங்கள் முன் நிற்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ல் வெளிவந்த கணக்குப்படி, இந்த நாட்டில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில், தன் வீட்டில் அந்த வியாதி ஒருவருக்கும் இல்லையென்று சொல்லக்கூடியவர்கள் சிலரே இருப்பார்கள். ஆகையால் இது உங்கள் வீட்டு விஷயம்.

முதலில் என் வீட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். சர்க்கரை வியாதி வந்து 15 வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலையில் சர்க்கரையை இறக்கும் மாத்திரை ஒன்று சாப்பிடுவார். அவருக்குக் குடலிறக்கத்துக்காக ரண சிகிச்சை செய்வதென்று ஏற்பாடாகி, ஒரு திங்கட்கிழமை காலை 8 மணிக்கு முதல் ஆளாக வைத்திருந்தார்கள். "ராத்திரி 12 மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக்கூடாது" என்று மட்டும் சொன்னார்கள். பெரியம்மாவோ, சஷ்டி, ஏகாதசி, சிவராத்திரி என்று ஐம்பது வருஷம் பட்டினி கிடந்து பழகியவர். "12 மணி வரைக்கும் எதற்கு? சாமி காரியம் மாதிரி சுத்தமாகவே இருந்துவிடுகிறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இரவு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் காலையில் எழுந்ததும், "மாத்திரை மட்டும் தப்பக்கூடாது" என்று ஒரு வாய்த் தண்ணீரில் அதை விழுங்கிவிட்டார். விழுங்கக்கூடாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

இத்தோடு நின்றிருந்தால்கூட, 8 மணிக்குச் சிகிச்சை ஆரம்பமாகி, டாக்டர்கள் கண் பார்வையில் இருந்திருப்பார். ஆனால் எங்கள் மாமா ஒருவர் காலண்டரைப் புரட்டினார். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை ராகுகாலம். "9 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்" என்று டாக்டரைக் கேட்டுக்கொண்டார். பணம் கட்டுகிற ஆஸ்பத்திரியானதால் அவர்களும் மறுக்கவில்லை. அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். அது முடிய 10.30 ஆயிற்று. 10.30 முதல் 12 வரை எமகண்டம்! "எமகண்டத்திலா கத்தி வைப்பது?" என்று மறுபடியும் ஒத்திப்போட்டாயிற்று.

11 மணி சுமாருக்குப் பெரியம்மாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கிற்று. என்னைப் பார்த்து, செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "பயந்துவிட்டாள்" என்றார் ஒருவர். "அம்மன் வந்திருக்கிறது" என்றார் இன்னொருவர். நெற்றியில் விபூதி பூசினார்கள். அப்போது அந்த வார்டைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ஒருவர் திரும்பிப் பார்த்து, "ஐயோ, இது லோ சுகர் மாதிரி இருக்கே" என்று துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி, நர்சைக் கூட்டிக்கொண்டு வந்தார். விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 42. உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சிறிது நேரத்தில் பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏன் எல்லோரும் என்னைச் சுற்றி நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். அன்றைய சிகிச்சை நின்றுபோய், வேறொரு நாள் நடந்தது.

தோழர்களே! இதில் குற்றவாளி யார்? பட்டினியைப் புண்ணியமாக நினைத்த பெரியம்மாவா? பஞ்சாங்கம் பார்த்த மாமாவா? மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட்ட ஆஸ்பத்திரிக்காரரா? எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்கு எனக்குத்தான். ஊர் ஊராகப் போய், "எதையும் ஏன், எதற்கு என்று கேளுங்கள்" என்று பேசுகிற நான், "12 மணிக்கு மேல் சாப்பிடாதே என்கிறீர்களே, ஏன்? தண்ணீரும் கூடாதா? மாத்திரையை என்ன செய்வது?" என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கண்டவுடன் நானும் கைகட்டி நின்றுவிட்டேன். அன்றைக்குத்தான், இந்தக் கேள்விகளுக்கு விடை தெரிந்துகொள்ளுவதென்று புறப்பட்டேன். தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன்.

முதலாவது, ஏன் வெறும் வயிறு? இதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. நாம் விழித்திருக்கும்போது, உணவோ தண்ணீரோ மூச்சுக்குழாய்ப் பக்கம் தப்பிப் போனால் உடனே இருமல் வந்து அதை வெளியே தள்ளிவிடும். தொண்டையில் அப்படியொரு காவற்காரன் இருக்கிறான். மயக்க மருந்து கொடுத்தால் நாம் தூங்குவதோடு அந்தக் காவற்காரனும் தூங்கிவிடுகிறான். அந்தச் சமயம் வயிற்றில் உணவு இருந்தால், அது மேலே எழும்பி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். கட்டியான உணவு மூச்சை அடைக்கும். வயிற்றிலுள்ள புளிப்பு நீர் நுரையீரலைப் புண்ணாக்கும். 1946ல் நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற டாக்டர், 1932 முதல் 1945 வரை தம் ஆஸ்பத்திரியில் பதிவான 44,016 கர்ப்பிணிகளின் குறிப்புகளை ஆராய்ந்து, 66 பேருக்கு இப்படி நேர்ந்திருப்பதை எடுத்துக்காட்டினார். அவர்களில் இருவர், கட்டியான உணவு மூச்சை அடைத்து இறந்தார்கள். அதன் பிறகு "நடுராத்திரிக்கு மேல் ஒன்றும் வாயில் போடாதே" என்பது உலகமெங்கும் ஆஸ்பத்திரி வழக்கமாக உறைந்துபோயிற்று.

நன்றாகக் கவனியுங்கள். காரணம் நியாயமானதுதான். ஆனால் காரணத்தை மறந்துவிட்டு வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், அது ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு சாஸ்திரமாகிவிடுகிறது. காலை 7 மணிக்குச் சிகிச்சை உள்ளவனுக்கும் நடுராத்திரி. மாலை 3 மணிக்குச் சிகிச்சை உள்ளவனுக்கும் நடுராத்திரி! இதிலே என்ன அறிவு இருக்கிறது? 1883லேயே லிஸ்டர் என்ற பேர்போன ரண வைத்தியர், மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் கட்டியான உணவு இருக்கக்கூடாது, ஆனால் 2 மணி நேரத்துக்கு முன் ஒரு கோப்பைத் தேநீர் கொடுப்பது நல்லது என்று எழுதி வைத்திருக்கிறார். அந்த அறிவு நடுவில் மறைந்துபோயிற்று. 1999ல் அமெரிக்காவின் மயக்க மருந்து நிபுணர் சங்கத்தார் ஆராய்ச்சிகளைப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பின்னால் வந்த திருத்தங்களிலும் அதன் அடிப்படை நிற்கிறது. எண்ணெயில் பொரித்தது, கறி, கொழுப்புள்ள சாப்பாடு என்றால் 8 மணி நேரம் இடைவெளி வேண்டும். இலேசான சிற்றுண்டி, பசும்பால் என்றால் 6 மணி நேரம். தண்ணீர், பால் கலவாத டீ, சக்கையில்லாத தெளிந்த பழரசம் போன்ற தெளிவான நீர் என்றால் 2 மணி நேரம் போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் டீ என்றாலே பால் ஊற்றிய டீதான். அது தெளிவான நீர் அல்ல. கஞ்சி, கூழ், மோர், பால் காப்பி எதுவும் தெளிவான நீர் அல்ல. "டீதானே குடித்தேன்" என்று சொல்லி ஏமாறாதீர்கள். அன்றியும், வெகுநாள் சர்க்கரை வியாதி இருந்தவர்களில் சிலருக்கு இரைப்பை நரம்பு தளர்ந்து, சாப்பிட்டது மெதுவாகத்தான் கீழே இறங்கும். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருப்பது, பல மணி நேரம் கழித்தும் சாப்பிட்டது வாந்தியாக வருவது ஆகியவை அதற்கு அடையாளம். அப்படிப்பட்டவருக்கு இந்த 2 மணி, 6 மணிக் கணக்கு அப்படியே பொருந்தாது. இதைத் தாமாகவே வாயைத் திறந்து டாக்டரிடம் சொல்லவேண்டும்.

ஆகவே, ஆஸ்பத்திரி வெறும் வயிற்றுக்கும் மத விரதத்துக்கும் உள்ள பேதம் என்னவென்று பாருங்கள். விரதத்துக்குக் காரணம் கிடையாது. ஆனதால் அளவும் கிடையாது. அதிகம் கிடந்தால் அதிகப் புண்ணியம் என்பான். வெறும் வயிற்றுக்குக் காரணம் உண்டு. ஆனதால் அளவும் உண்டு. வயிறு காலியான பிறகு மேலும் பத்து மணி நேரம் பட்டினி கிடந்தால், அது மேலும் காலியாகிவிடப் போவதில்லை. சர்க்கரை வியாதிக்காரருக்கோ அந்தப் பத்து மணி நேரம் உயிருக்கே உலை வைக்கலாம்.

இரண்டாவது, மற்றவர்களைவிட இவர்களுக்கு ஏன் அதிக அபாயம்? நல்ல தேகமுள்ளவன் பட்டினி இருந்தால், அவன் கணையம் இன்சுலினைத் தானாகக் குறைத்துக்கொள்ளுகிறது. ஈரல் தன்னிடமுள்ள சேமிப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து ரத்தத்தில் விடுகிறது. வரவுக்குத் தகுந்த செலவு என்று உடம்பே கணக்குப் பார்த்துக்கொள்ளுகிறது. ஆனால் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டவருக்கு அந்தக் கணக்கு மருந்தின் கையில் இருக்கிறது. மாத்திரைக்குக் கண் இல்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா, இல்லையா என்று அதற்குத் தெரியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டே போகும். சாப்பாடு வராவிட்டால் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். மூளைக்கு முக்கியமான தீனி சர்க்கரை. அது குறைந்தால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, அகோரப் பசி. பிறகு உளறல், கோபம், மயக்கம், வலிப்பு. அதற்கும் மேலே போனால் மரணமும் உண்டு.

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியானால் அன்றைக்கு எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டால் தீர்ந்தது, சாப்பிடாதவனுக்கு ஊசி எதற்கு?" என்று நினைப்பார்கள். இது இன்னொரு படுகுழி. நாம் சாப்பிடாவிட்டாலும் ஈரல் ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டேயிருக்கிறது. அதை அடக்கி வைக்க ஓரளவு இன்சுலின் எந்நேரமும் வேண்டும். கணையம் இன்சுலினே சுரக்காத முதல் வகைச் சர்க்கரை வியாதிக்காரர் அடிப்படை இன்சுலினை அடியோடு நிறுத்திவிட்டால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே மோசமாகிவிடும். இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன், இந்த வியாதியுள்ள குழந்தைகளுக்கு அமெரிக்காவில் ஆலன் போன்ற டாக்டர்கள் கொடுத்த சிகிச்சையே பட்டினிதான். அது சாவைக் கொஞ்சம் தள்ளிவைத்ததேயொழிய வியாதியைத் தீர்க்கவில்லை. எலும்பும் தோலுமாகிக் குழந்தைகள் இறந்தார்கள். 1922 ஜனவரியில் கனடாவில் டொரண்டோ நகரத்து ஆஸ்பத்திரியில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்ட பிறகுதான் அந்தக் கதை மாறிற்று. பட்டினி தேகத்தைச் சுத்தமாக்கும், சர்க்கரையைப் போக்கிவிடும் என்று இன்றும் வியாபாரம் செய்கிறவர்கள் இந்தச் சரித்திரத்தைப் படிக்கவேண்டும்.

மூன்றாவது, மருந்துகளின் சங்கதி. எல்லா மருந்தும் ஒன்றல்ல. நான் சொல்லப்போவது பொது வழக்கம். உங்களுக்கு உரியதை உங்கள் டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் என்ன கேட்பது என்று தெரிவதற்காகச் சொல்லுகிறேன்.

மெட்பார்மின் என்ற மாத்திரையைச் சிகிச்சையன்று நிறுத்தச் சொல்லுவது வழக்கம். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை கணையத்தை விரட்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. பட்டினியில் சர்க்கரையைக் கீழே தள்ளுவதில் இவை முக்கியமானவை. அன்று காலை இவற்றையும் விட்டுவிடச் சொல்லுவார்கள். என் பெரியம்மா விழுங்கியது இந்த இனத்தைச் சேர்ந்ததுதான். டாபாக்ளிப்ளோசின், எம்பாக்ளிப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் கழிப்பவை. இவற்றை அன்று காலை நிறுத்தினால் போதாது. 3 நாள் முன்பே நிறுத்தவேண்டும் என்றும், எர்டுக்ளிப்ளோசினை 4 நாள் முன்பு நிறுத்தவேண்டும் என்றும் 2020ல் அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து நிர்வாகத்தார் அறிவித்தார்கள். இவற்றோடு பட்டினி சேர்ந்தால், மீட்டரில் சர்க்கரை அதிகமில்லாமல் இருக்கும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடக்கூடும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வேக மூச்சு இருந்தால், "சுகர் சரியாகத்தானே இருக்கிறது" என்று சும்மா இருக்கக்கூடாது. இப்போது வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் போன்ற ஊசிகள் வந்திருக்கின்றன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துபவை. பட்டினி இருந்தும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம். உடம்பு இளைக்கவென்று இதைப் போட்டுக்கொள்ளுகிறவர்கள் வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டரிடம் அந்த வெட்கம் ஆகாது.

இன்சுலினில், சாப்பாட்டுக்கு முன் போடும் வேக இன்சுலின், சாப்பாடு இல்லையேல் வேண்டியதில்லை. நாள் முழுதும் வேலை செய்யும் நீண்ட இன்சுலினை, நாலில் மூன்று பங்கோ அதற்குச் சற்று மேலோ போடச் சொல்லுவது வழக்கம். இரண்டும் கலந்த கலப்பு இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதைக் கட்டாயம் கேட்டே தீரவேண்டும். சிகிச்சை நேரத்தில் சர்க்கரை 100க்கும் 180க்கும் இடையில் இருப்பது நல்லதென்று வைத்திருக்கிறார்கள். மிகவும் ஏறியிருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும் என்பதால் அவசரமில்லாத சிகிச்சையை டாக்டரே தள்ளிவைக்கலாம். அதற்கு வருத்தப்படாதீர்கள், காரணமுள்ள தாமதம் அது. காலண்டர் சொன்ன தாமதம் வேறு, கணக்குச் சொன்ன தாமதம் வேறு.

நான்காவது, பட்டினி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிட்டால் என்ன செய்வது? விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் வீட்டில் இருந்தால், படுக்கும்போதும், விழித்ததும், புறப்படும்போதும், அங்கே காத்திருக்கும்போதும் பாருங்கள். இதற்காகக் கொடுக்கும் பணம், அர்ச்சனைக்குக் கொடுக்கும் பணம் மாதிரி அல்ல. 70க்குக் கீழே போனால் தாமதிக்காமல் 15 கிராம் சர்க்கரையோ குளுக்கோசோ, அதாவது சுமார் 3 தேக்கரண்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். ஏறவில்லையானால் மறுபடி குடிக்கவேண்டும். மீட்டர் இல்லாவிட்டாலும், அடையாளங்கள் தெரிந்தால் இதையே செய்யவேண்டும். ஆஸ்பத்திரிக்குள் இருந்தால் உடனே நர்சைக் கூப்பிடவேண்டும். லட்டு, பிஸ்கட், பால் இதற்கு ஆகாது. அவை மெதுவாகத்தான் வேலை செய்யும், வயிற்றையும் நிரப்பிவிடும். "பட்டினி முறிந்துவிடுமே" என்று பயந்து குடிக்காமல் இருக்காதீர்கள். இது முறிவதற்கு நோன்பு அல்ல. சாமி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. குடித்ததை, எத்தனை மணிக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் சொன்னால், அவர் அதற்குத் தகுந்தபடி ஏற்பாடு செய்துகொள்ளுவார். ஆள் நினைவிழந்து விட்டாலோ, விழுங்க முடியாத நிலையில் இருந்தாலோ வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குத்தான் போகும். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, உடனே வைத்திய உதவிக்கு ஆள் அனுப்புங்கள்.

இதற்கு நேர் விரோதமான குற்றம் ஒன்று உண்டு. பசி தாங்காமல் இரண்டு இட்டிலியைத் தின்றுவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டால், "இல்லை" என்று சாதிப்பது. திட்டுவார்களே என்ற பயம். தோழர்களே! பொய் சொன்னால் மோட்சம் போய்விடும் என்பதற்காக நான் கண்டிக்கவில்லை. முன்னே சொன்ன காவற்காரன் தூங்கும்போது அந்த இட்டிலி நுரையீரலுக்குப் போகும் என்பதற்காகக் கண்டிக்கிறேன். சாப்பிட்டால் சாப்பிட்டேன் என்று சொல்லுங்கள். ஒரு நாள் தள்ளிப்போகும், உயிர் தள்ளிப்போகாது.

வெறும் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெறும் வயிற்றுச் சர்க்கரைக்கு 8 மணி நேரம் உணவில்லாமல் இருந்தால் போதும். வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வெறும் வயிற்றோடு பரிசோதனைச் சாலையில் வரிசையில் நிற்காதீர்கள். மாத்திரையையும் பலகாரத்தையும் கையோடு கொண்டுபோய், ரத்தம் எடுத்த பிறகு டாக்டர் சொன்னபடி சாப்பிடுங்கள். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனைக்குப் பட்டினியே தேவையில்லை. குடலைக் குழாய் விட்டுப் பார்ப்பதற்கோ, முதல் நாளே தெளிவான நீர் மட்டும் என்பார்கள். அப்போது சர்க்கரை வியாதிக்காரர் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் போதாது. சர்க்கரையுள்ள தெளிந்த நீர் எவ்வளவு, எந்த நேரத்தில் என்று கேட்கவேண்டும். முதல் நாள் மருந்தையும் எப்படிக் குறைப்பதென்று கேட்கவேண்டும்.

இனி அந்த ராகுகாலத்துக்கு வருகிறேன். காலை 6 முதல் மாலை 6 வரை உள்ள 12 மணி நேரத்தில் ராகுவுக்கு ஒன்றரை மணி, எமகண்டத்துக்கு ஒன்றரை மணி, குளிகைக்கு ஒன்றரை மணி. ஆக நாலரை மணி நேரம் வேலைக்கு உதவாத நேரம்! பிரசவ வலி ராகுகாலம் பார்த்தா வருகிறது? லாரியில் அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது எவனாவது காலண்டரைப் பார்க்கிறானா? அவசரத்தில் பார்க்காததை, சாவகாசத்தில் பார்க்கிறோம் என்றால், அதற்கு நம்பிக்கை என்று பெயரா, பொழுதுபோக்கு என்று பெயரா? அந்தப் பொழுதுபோக்குக்கு விலை யார் கொடுக்கிறார்கள்? பஞ்சாங்கம் எழுதியவன் காலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். பார்க்கச் சொன்ன மாமாவும் ஆஸ்பத்திரி ஓட்டலில் பொங்கல் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். பட்டினியோடு படுத்திருந்தது பெரியம்மா. சர்க்கரை வியாதிக்காரரை முதல் ஆளாக எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஏற்பாடு வைத்திருப்பதே, அவர் பட்டினி நேரம் குறையட்டும் என்பதற்காகத்தான். அந்த இடத்தை ராகுவுக்குத் தானம் செய்யாதீர்கள்.

தாய்மார்களுக்குத் தனியே சொல்லுகிறேன். இந்த மதம், அந்த மதம் என்றில்லாமல், வீட்டில் பட்டினி கிடக்கும் பாரத்தில் பெரும்பங்கு உங்கள் தலையில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. புருஷனுக்காக ஒரு நோன்பு, பிள்ளைக்காக ஒரு நோன்பு என்று பழக்கியதனால், "பசிக்கிறது, தலை சுற்றுகிறது" என்று வாய்விட்டுச் சொல்லுவதையே கேவலமாக நினைக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் அப்படிப் பொறுத்துக்கொண்டிருப்பது பெருமை அல்ல, அபாயம். உடம்பு நடுங்கினால் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

கடைசியாக, டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஒன்று, எனக்குச் சிகிச்சை எத்தனை மணிக்கு. முதல் ஆளாக வைக்க முடியுமா? இரண்டு, கட்டியான உணவை எத்தனை மணியோடு நிறுத்துவது; தண்ணீரை எத்தனை மணியோடு நிறுத்துவது? மூன்று, என் மருந்துகள் இவை. எதை நிறுத்துவது, எந்த நாளிலிருந்து, எதை எவ்வளவு குறைப்பது? நான்கு, சர்க்கரை இறங்கினால் நான் என்ன குடிக்கலாம், யாரிடம் சொல்லுவது? ஐந்து, சிகிச்சை தாமதமானால் என்ன ஏற்பாடு? ஆறு, முடிந்தபின் எப்போது சாப்பிடலாம், எப்போது மருந்தைத் திரும்ப ஆரம்பிப்பது? பதிலையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே விஷயம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள்.

"இவ்வளவு கேட்டால் டாக்டர் கோபிப்பாரே" என்பீர்கள். நல்ல டாக்டர் கோபிக்கமாட்டார். புரோகிதனைக் கேள்வி கேட்டால் கோபிப்பான். ஏனென்றால் அவனிடம் விடை இல்லை. டாக்டரிடம் விடை இருக்கிறது. அவருடைய வித்தை கேள்வியினால் வளர்ந்த வித்தை. கேள்வி கேட்டதனால்தான் தெளிவான நீருக்கு நடுராத்திரிப் பட்டினி 2 மணி நேரமாகக் குறைந்தது. ஆகவே கேட்பது அவருக்கு அவமரியாதை அல்ல. கேட்காமலிருப்பதுதான் நமக்கு நாமே செய்துகொள்ளுகிற அவமரியாதை.

நான் சொன்னதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். உங்கள் டாக்டரிடம் கேட்டு, உங்கள் அறிவைக்கொண்டு யோசித்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள். என் பெரியம்மா இப்போது சுகமாக இருக்கிறார். சஷ்டி விரதத்தை விட்டுவிட்டாரா என்றால், இன்னும் விடவில்லை. ஆனால் போன மாதம் கண் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தபோது, அவரே டாக்டரைப் பார்த்து, "ஐயா, காலை மாத்திரையை என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி, என் பத்து வருஷப் பிரசங்கத்துக்குச் சமானம்.